துண்டுக்கடையில் கொடுத்த சங்கிலி

கழற்றிய சங்கிலியை ஆவுடையம்மாள் மகளிடம் கொடுக்கவில்லை. கை நீட்டியபடி நின்ற உமா மகேஸ்வரியைத் தாண்டிப் போய், அருவிக்கரையில் துண்டு விற்கிற பெண்ணிடம் கொடுத்தாள்.

"குளிச்சிட்டு வந்து வாங்கிக்கிடுதேன் தாயி. பத்திரம்."

உமாவுக்குப் பதறியது. நாலு பவுன். குற்றாலத்தில் குளிக்க இறங்குகிறவர்கள் நகையைக் கரையில் நிற்கும் வீட்டு ஆளிடம்தான் கொடுப்பார்கள்.

"எம்மா, அவ யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"துண்டு விக்கிறவ."

"நான் இங்கன மரம் மாதிரி நிக்கேன்லா?"

"மரமா இருந்தா கிளையில மாட்டிட்டுப் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, ஆவுடையம்மாள் பெண்கள் வரிசைக்குள் நுழைந்தாள்.

அவள் திரும்பி வரும்வரை உமா துண்டுக்கடையை விட்டு நகரவில்லை. டாக்டரிடம் சொல்ல இன்னும் ஒன்று சேர்ந்திருந்தது.

மதியம் இருவரும் தென்காசியில் ஒரு கிளினிக்கில் இருந்தார்கள். மறதி நோய் முற்றுவதற்கு முன்பே பார்த்துத் தடுக்க, பெண்களுக்கென்று தொடங்கிய இடம். திருநெல்வேலியில் பார்த்த டாக்டர் "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஆவுடையம்மாளே நாலு பேரிடம் விசாரித்து, இப்படி ஓர் இடம் இருப்பதாக மகளிடம் சொன்னாள்.

டாக்டர் ஹஸீபா கேட்டதும் உமா மூச்சுவிடாமல் சொன்னாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. ஆலங்குளத்தில் கணக்கு டீச்சர்.

"குழம்புல ரெண்டு தடவ உப்பு விழுது. பால அடுப்புல வச்சது ஞாபகமே இல்லாம பாத்திரம் கருகிட்டு. கேட்டா, 'ஆமா, நான்தான்'னு சொல்லுதா."

ஆவுடையம்மாள் தலையாட்டினாள்.

"போன மாசம் வளையலக் காணல. 'உங்கிட்டதானட்டி குடுத்தேன்'னா. எங்கிட்ட எங்க குடுத்தன்னு கேட்டேன். என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. பெறகு, 'சரி, நான்தான் எங்கனயோ வச்சிட்டேன்'னுட்டா. இன்னைக்கு முன்னப்பின்ன தெரியாதவகிட்ட நாலு பவுனு."

"குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

"எங்க அப்பாவப் பெத்த அம்மாவுக்கு. அம்பது வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிட்டு. கடைசியில, பெத்த மகனையே யாருன்னு கேட்டாங்க. சாகுறவரைக்கும் அம்மாதான் சோறூட்டி, குளிப்பாட்டிப் பாத்தா." உமா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "இவளும் என்னைய யாருன்னு கேட்டுருவாளோன்னு பயமா இருக்கு டாக்டர்."

"அவங்க இந்த ஆச்சிக்கு மாமியாருல்லா?" ஹஸீபா எழுதுவதை நிறுத்தினார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. ஆச்சிகிட்ட தனியாப் பேசணும்."

உமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். நாற்காலியில் அவள் விட்டுப்போன குடையை ஆவுடையம்மாள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹஸீபா மூன்று சொற்களைச் சொன்னார்: சாவி, வேப்பமரம், ரயில். பேச்சை வேறு பக்கம் கொண்டுபோய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். மூன்றும் வரிசை மாறாமல் வந்தன. தேதி, கிழமை, காலையில் ஏறி வந்த பஸ், எதுவும் தப்பவில்லை.

"ஆச்சி, உங்களுக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான இருக்கு. பெறகு ஏன் இந்த உப்பு, பாலு, வளையல்?"

ஆவுடையம்மாள் மூடியிருந்த கதவைப் பார்த்தாள்.

"எனக்குன்னு சொன்னாத்தான் இங்கன வருவா டாக்டரம்மா. அதெல்லாம் செஞ்சது அவ."