இறக்கைக்குக் கீழே

காற்றாலை இறக்கையை ஏற்றி வந்த லாரி தெரு முக்கில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டது. ஆள் தலைக்கு ஒரு முழம் மேலே, இறக்கை தெருவை மறித்து நின்றது. எதிரே மாசானமுத்துவின் சவ ஊர்வலம் வந்தது. தோளில் சுமந்து வந்த பூந்தேரில் அவரை உட்கார வைத்திருந்தார்கள்.

“எங்கப்பா எவனுக்கும் குனிஞ்சவரில்ல. றெக்கையத் தூக்குல!” கொள்ளிச்சட்டியோடு முன்னால் வந்த மகன் கத்தினான்.

“பன்னெண்டு டன்னு அண்ணாச்சி. நீங்க தேரக் கொஞ்சம் இறக்குங்க,” என்றார் டிரைவர்.

கொட்டுக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு, சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

பெண்கள் முக்கு வரைதான் வரலாம். அங்கே நின்று அழுதுகொண்டிருந்த மாசானமுத்துவின் மனைவி அழுகையை நிறுத்தினாள்.

“முப்பது வருசமா எம்முன்னால குனிஞ்ச தலைதான. இறக்குங்கல.”

தேர் இறங்கியது. இறக்கை தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தும், மகன்தான் முதலில் குனிந்து போனான்.