ஜாய்ஸ் இல்லாத இரண்டு நாள்

மாமல்லபுரம் வந்து இரண்டு நாளாகியும் ஜாய்ஸின் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை.

"இன்னா, போனையே பாத்துகினு கீற? மீன் ஆறுது, துண்ணு" என்றான் கணவன் பெஞ்சமின்.

"ஆபீஸ்ல இருந்து ஒரு கால்கூட வரல. டவர் இல்லியோ?"

"போன லீவுல கால் வந்துச்சுன்னு அழுத. இப்ப வரலன்னு அழுவுறியா?"

நாவலூர் அலுவலகத்தில், பஸ் டிக்கெட் பதிவுகள் எல்லாம் இருக்கும் சர்வரை ஆறு வருடமாக அவள்தான் கட்டிக் காத்து வந்தாள். அது நின்றுபோனால் தானாகவே வேலையை ஏற்றுக்கொள்ளும் மாற்று சர்வர் ஒன்றை இந்த லீவுக்காகவே அமைத்து, ஜூனியர் ஸ்டான்லியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால், தான் இல்லாமலும் எல்லாம் ஓடுகிறது என்ற நினைப்பு தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

தலை வலிக்கிறது என்று அறைக்குப் போனவள், கால் மணி நேரம் கழித்துத் தெளிந்த முகத்தோடு திரும்பினாள். உட்கார்ந்ததும் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"சொல்லு ஸ்டான்லி! சர்வர் நின்னுடுச்சா? இப்பவே கிளம்பி வரேன்!"

"ஐயோ, வேணாம்க்கா. மெயின் சர்வர் நின்னுச்சு. ஆனா நீங்க வெச்ச மாத்து சர்வர் அடுத்த செகண்டே எடுத்துக்கிச்சு. ஒரு டிக்கெட்கூட தடங்கல் இல்ல."

ஜாய்ஸின் முகம் தொங்கிவிட்டது.

"ஒண்ணுதான்க்கா பேஜாரு. அது தானா நிக்கல. எவனோ உங்க ஐடியில உள்ள பூந்து நிறுத்தியிருக்கான். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, அந்தத் திருடன் இனிமே வரவே முடியாது. உங்க ஐடியையே பூட்டிட்டேன்!"