குட்பை பாட்டு

"இதனால் துபாய் கிளை ஊழியர் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், எம்.டி. ரூம்ல அந்தப் பாட்டு மறுபடியும் ஆரம்பிச்சாச்சு!"

டிராயிங் செக்‌ஷன் விஜயபாஸ்கர் வாயைப் பாதி பொத்திக்கொண்டு அறிவித்தான். யாரும் சிரிக்கவில்லை.

2009 தொடக்கம், உலகப் பொருளாதாரச் சரிவு. நகரமெங்கும் கிரேன்கள் நின்ற இடத்திலேயே நின்றன. கடனைக் கட்ட முடியாமல் காரை ஏர்போர்ட்டில் போட்டுவிட்டு ஊருக்கு ஓடியவர்களைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. மற்ற கம்பெனிகளில் ஆளைச் சும்மா தூக்கினார்கள். இங்கே பாட்டுப் போட்டுத் தூக்கினார்கள்.

ஸ்காட்லாந்துக்கார எம்.டி. மெக்கின்னனின் அறையிலிருந்து கிதாரும் டிரம்ஸுமாக அது கிளம்பும். நாலு பையன்கள் கத்துவதில் 'குட்பை' மட்டும்தான் புரியும். அப்புறம் ஒருவருக்கு அழைப்பு வரும். திங்கட்கிழமை ராஜீவ் உள்ளே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். மறுநாள் சீட் காலி. செவ்வாய்க்கிழமை சித்தீக், அதே கண்ணீர், அதே காலி சீட். இரண்டு பேர் மொபைலும் சுவிட்ச் ஆஃப்.

"சேது சார், உங்களத்தான் வரச் சொல்றாரு" என்றாள் செக்ரட்டரி ஜுபைதா.

சீனியர் மேனேஜர் சேதுமாதவன் டையை இறுக்கிக்கொண்டார். அவர் தமிழ்ச் சங்கத் தலைவரும்கூட. போன வாரம்தான் 'தன்மானம்' என்ற தலைப்பில், பிரியாணி ஆறிப்போகும்வரை முழங்கியிருந்தார்.

"என்ன விஷயம்னு ஏதாவது..."

"தெரியாது சார். பாட்டு முடியறதுக்குள்ள வரணுமாம்."

அந்த நேரம் பார்த்து மனைவி ஷியாமளாவின் போன்.

"கூப்பிட்டுட்டான் ஷியாமா."

"ஐயோ பெருமாளே! ஹர்ஷினிக்கு மார்ச்ல பத்தாவது பரீட்சைங்க. விசா போச்சுன்னா நடுவுல எந்த ஸ்கூல்ல சேர்த்துப்பாங்க? இங்க பாருங்க, அவர் என்ன சொன்னாலும் ஆஹா ஓஹோன்னு தலையாட்டிட்டு வாங்க."

"நான் தலையாட்டறதா? 'தலைவரத் தூக்கிட்டாங்களாம்'னு சங்கத்துல சிரிப்பாங்க. தூக்கினாங்கங்கறது வேற, உதறிட்டு வந்தாருங்கறது வேற."

"சங்கமா நமக்கு விசா குடுக்குது?"

சேதுமாதவன் போனை வைத்தார். ராஜீவ் போன அன்றே டைப் அடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். விஜயபாஸ்கர் எழுந்து நின்று வழிவிட்ட விதம், பாடைக்கு வழிவிடுவதுபோல இருந்தது.

அறையில் பாட்டு காதைக் கிழித்தது. மெக்கின்னன் கண்களை மூடி மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க சேது. முதலில் இதைக் கேளுங்க."

பயம் முற்றினால் சிலருக்கு மயக்கம் வரும். சேதுமாதவனுக்குப் பேச்சு வரும்.

"கேட்க வேண்டியதில்லை சார்! இந்தக் காட்டுக்கத்தலுக்கு நடுவே வெட்டுப்பட நான் ஆடு இல்லை. நீங்கள் என்ன சொல்வது, நானே போகிறேன்!" என்று தம் ஆங்கிலத்தில் கர்ஜித்து, ராஜினாமாவை மேஜைமேல் அறைந்தார்.

மெக்கின்னன் பாட்டை நிறுத்தினார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"என் மகனுடைய மியூசிக் பேண்ட்" என்றார் மெதுவாக. "முதல் பாட்டு. போன வாரம்தான் ரிலீஸ். ராஜீவும் சித்தீக்கும் கேட்டுவிட்டு உருகி அழுதார்கள். உடனே ப்ரமோஷன் கொடுத்து, இரண்டு பேரையும் ஓமானில் சோஹார் கிளைக்கு அனுப்பிவிட்டேன். எல்லை தாண்டியதும் இந்த ஊர் சிம் வேலை செய்யவில்லையாம், பாவம்."

சேதுமாதவனின் கை கடிதத்தை நோக்கி நகர்ந்தது. மெக்கின்னன் முந்திக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இங்கே ஒரே ஒருவரைக் குறைக்கச் சொல்லி ஹெட் ஆபீஸ் உத்தரவு. யாரை எழுதுவதென்று தெரியாமல் தூக்கமே இல்லை. நன்றி சேது."

வியாழக்கிழமை விசா ரத்தானது. பாட்டு ஸ்காட்லாந்தில்கூட ஓடவில்லை.