வெறுங்கால் சம்பந்தம்

ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லட்டும், நான் தலையாட்டிவிடுகிறேன்.

காப்பித் தட்டோடு அடுப்படி வாசலில் நின்ற நவமணி மனதுக்குள் இப்படித்தான் சொல்லிக்கொண்டாள். சற்று முன் சன்னல் வழியாகப் பார்த்ததை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

கோப்பெங் பக்கத்துத் தோட்டம் அது. உச்சி வெயில் தொழிலாளர் லயத்து வீட்டின் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க சிம்பாங் பூலாயிலிருந்து காண்ட்ராக்டர் ஐயாவு வந்திருந்தார். கூடவே அவர் மனைவி காளியம்மா, மகன் அர்ச்சுனன்.

ஈப்போ துணிக்கடைக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் அர்ச்சுனனின் போட்டோ நவமணியின் கைப்பையில் இருந்தது. சிரித்தால் ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழியும் முகம். நேரிலும் குழிந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"வெறுங்காலோட வந்திருக்காங்கடி!" என்று அம்மா வீரம்மா காதைக் கடித்தாள். "பைப்புல காலைக் கழுவிட்டுத்தான் உள்ளயே வந்தாங்க. இம்புட்டு வசதி இருந்தும் என்ன பணிவு பாரு!"

கூடத்தில் அப்பா பத்துமலைக்கும் தலைகால் புரியவில்லை. "கார்ல வரலையாண்ணே?"

"டட்சனை ஜங்சன்லயே போட்டுட்டோம்லா. நாம போட்ட ரோடு, நடந்து பார்க்கணும்னு ஆசை," என்றார் ஐயாவு. "போன வாரம்தான் முடிச்சது. எப்படி இருக்கு பத்துமலை?"

"கண்ணாடி மாதிரி பளபளங்குதுண்ணே!"

"மத்தவன் வெறும் தாரை ஊத்துவான். நம்ம தொழிலே வேற. ஒர்க்‌ஷாப்புல வடிச்சுக் கீழ ஊத்துறாங்களே மிஞ்ஞாக் ஹீத்தாம், அந்தப் பழைய இஞ்சின் எண்ணெயை வாங்கித் தார்ல கலந்துடுவேன். நல்லா இளகும், பாதித் தார் மிச்சம். வெயிலுக்கு வெடிக்காது. இருபது வருசத்துக்கு அசையாது!"

"அசையவே அசையாது," என்றாள் காளியம்மா, சேலையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டே.

நவமணி காப்பியை நீட்டினாள். அர்ச்சுனன் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"பொண்ணுகிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா கேளுங்க தம்பி," என்றார் அப்பா.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் நவமணி. கூடமே நிமிர்ந்து பார்த்தது. "உங்க செருப்பெல்லாம் எங்க?"

அர்ச்சுனனின் கன்னம் மெல்லக் குழிந்தது. சொல்லிடு, சொல்லிவிட்டுச் சிரி, நானும் சேர்ந்து சிரிக்கிறேன் என்று அவள் மனசு கெஞ்சியது. அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். குழி மறைந்தது.

"கார்லயே விட்டுட்டோம். பொண்ணு வீட்டுக்குச் செருப்புக் காலோட போகக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க."

வீரம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அப்புறம் என்ன?" என்று தொடையைத் தட்டினார் ஐயாவு. "கல்யாணத்துக்குள்ள உங்க வாசல் வரைக்கும் இதே ரோட்டைப் போட்டுத் தர்றேன். சரின்னு சொல்லும்மா!"

நவமணி உள்ளே போனாள். வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

திரும்பி வந்தவள் கையில் வீட்டுப் பழைய செருப்புகள், மூன்று ஜோடி. அவற்றை அர்ச்சுனன் முன்னால் வைத்தாள்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாங்க," என்றாள் மெதுவாக. "இதைப் போட்டுக்கிட்டுப் புல்லு ஓரமாவே போங்க. வளைவுல உங்க மூணு பேரு செருப்பும் தார்ல ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்குது. மாமா சொன்ன மாதிரியே, அசையல."