பறவையின் உயரம்

கையைத் தூக்கினால் திரையில் பறவை மேலே போகும். இறக்கினால் கீழே வரும்.

குறுக்கே மலைகள் வரும். பறவை இடிக்காமல் பறக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான்.

பிசியோதெரபிஸ்ட் இளைஞன் கூடத்து டிவியில் கருவியைப் பொருத்திவிட்டு, சோபாவில் இருந்த மில் சூப்பர்வைசரின் வலது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினான். பக்கவாதம் வந்து செயலிழந்த கை அது. கை எவ்வளவு எழுகிறது என்று பட்டைக்குள் இருக்கும் சில்லு திரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கையை அசைத்து வந்த மூளைப் பகுதி செத்துப்போய்விட்டது. அது இனி வராது. ஆனால் பக்கத்தில் இருக்கும் பகுதி அந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம். வெறுமனே கையைத் தூக்கு, இறக்கு என்றால் ஆளுக்கு அலுத்துவிடும். ஒரு பறவையைக் கொடுத்து, மலையைக் காட்டி, தாண்டியதும் பட்டாசு வெடித்தால், மூளை இன்னொரு தடவை கேட்கும்.

"கேம் ஆடி ஆடியே இவளுக்கு மூளை உருகிப்போச்சுன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றார் சூப்பர்வைசர், சுவரோரம் நின்ற மகளைத் தாடையால் காட்டி.

"உங்களுக்கு அதுதான் சார் மருந்து" என்று இளைஞன் சிரித்தான்.

மகள் சிரிக்கவில்லை.

மலையின் உயரத்தை எப்படி மாற்றுவது என்று இளைஞன் சூப்பர்வைசரின் மனைவிக்கு ரிமோட்டில் காட்டிக்கொடுத்தான். மலை ரொம்ப உயரமாக இருந்தால் மனிதர் சோர்ந்துபோவார். தாண்டுவதும் இடிப்பதும் கலந்து வர வேண்டும். கொஞ்சம் திணறினால்தான் மூளை புது வழி தேடும்.

மனைவி கவனமாகக் கேட்டாள். அவளிடமிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"மலையைச் சின்னதாவே வச்சிருந்தா என்னாகும் தம்பி?"

நல்ல கேள்வி என்று அவன் முகம் மலர்ந்தது. "கை இப்படியே நின்னுடும்க்கா. மூளை இளகியிருக்கிறது இந்த முதல் சில மாசம்தான், அப்புறம் இறுகிடும். ஐயோ பாவம்னு மட்டும் குறைச்சிடாதீங்க. ஸ்கோரை நான் போன்லயே பாத்துக்கிறேன்."

"சரி தம்பி" என்றாள்.

அவனை வாசல் வரை போய் வழியனுப்பினாள். கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, ரிமோட்டை எடுத்து, மலைகளைத் தரையோடு தரையாக இறக்கினாள்.

பறவை சும்மாவே பறந்தது. பட்டாசு வெடித்தது.

சூப்பர்வைசர் திரையை முறைத்தார். "என்னடி இது? மலையா, வேகத்தடையா? அவன் இருந்தப்ப இப்படியா இருந்துச்சு? என்ன, என்னைச் சின்னப்புள்ளைன்னு நினைச்சியா?"

அவள் விரல் ரிமோட்டின் மேல் அப்படியே நின்றது.

"குடும்மா" என்று மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். மலைகளை ஒரே அழுத்தில் உச்சிக்கு ஏற்றினாள்.

அம்மா ரிமோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். இவ்வளவு வளர்ந்த பெண், கூடவே இருந்து எல்லாவற்றையும் பார்த்த பெண், இவளுக்குமா புரியவில்லை?

மகளின் கட்டைவிரல் நிற்கவில்லை. ஒரு திரைக்குள் இன்னொரு திரையாக இறங்கி, இளைஞன் திறந்தே காட்டாத ஒரு மூலையில் போய் நின்றது. 'உணர்திறன்' என்று இருந்தது அங்கே. எந்த விளையாட்டைத் தொடங்கினாலும் கேம் ஆடிப் பழகியவர்கள் முதலில் தேடிப்போகும் இடம் அது. கை ஒரு சாண் எழுந்தால் பறவையும் ஒரு சாண்தான் எழ வேண்டும் என்று கட்டாயமில்லை. உணர்திறனைக் கூட்டக் கூட்டச் சின்ன அசைவும் பெரிதாகும். முழுக்கக் கூட்டிவிட்டால், கை லேசாகத் துடித்தாலே போதும், பறவை மேகத்தில் இருக்கும்.

மகள் அதை முழுக்கக் கூட்டினாள்.

"இப்ப ஆடுங்கப்பா."

பனி மூடிய சிகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பறவை ஒன்றிலும் இடிக்கவில்லை. பட்டாசு வெடித்தது. அடுத்த கட்டம் திறந்தது. அதற்கும் பட்டாசு. எங்கோ ஒரு போனில் நல்ல ஸ்கோர் போய்ச் சேர்ந்திருக்கும்.

சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாடி! எப்படித் தூக்குறேன் பாரு! இந்தக் கை மட்டும் முழுசா வரட்டும், அப்புறம் இருக்கு உங்க ரெண்டு பேருக்கும்."

மனைவி திரையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். அது சோபாவின் கைப்பிடியை விட்டுச் சற்றே எழுந்தது, விழுந்தது. ஒரு தீப்பெட்டி உயரம்கூட இருக்காது.

மகளைப் பார்த்தாள். மகள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சூப்பர்ப்பா" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை எட்டாத தூரமாகப் பார்த்து உட்கார்ந்தே பழகியவள், சோபாவில் அவருக்கு வலப்பக்கமாக, ஒட்டி உட்கார்ந்தாள்.