சின்ன மைதானம்

தாம்பரத்து டிராவல்ஸ் ஆபீஸில் ஹேமநாத்துக்குப் பொறுமை போய்விட்டது. கோவாவில் கோல்ஃப் ஆட அவர் ஆசைப்பட்ட இரண்டு மைதானங்களையும் மனைவி துர்கா வேண்டாமென்று தள்ளிவிட்டாள்.

“கடலை ஒட்டி இருக்கு. இதுல என்ன குறை?”

“ரெண்டும் ஊரை விட்டு ரொம்பத் தூரம். ஊருக்குள்ள இருக்கற இந்தச் சின்ன மைதானமே போதும்.”

“ஊர் நடுவுல ஆடவா அவ்ளோ தூரம் போறோம்? கோல்ஃபைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

துர்கா தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

டிராவல்ஸ்காரர் பர்வேஸ் குரலைத் தாழ்த்தினார். “மேடம் மேல கோபப்படாதீங்க சார். எந்த மைதானத்துக்குப் பக்கத்துல ஹார்ட் ஆஸ்பத்திரி இருக்குன்னு நேத்தே போன்ல கேட்டாங்க.”

போன மாதம் வந்த தன் இதயப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் துர்காவின் கண்ணில் படாமல் ஒளித்துவிட்டதாகத்தான் ஹேமநாத் இதுவரை நினைத்திருந்தார்.