நீட்டிப் படுக்க இடம்

ஈஜிபுரா சிக்னலில் வெயில் கொளுத்துகிறது. அப்பாதுரையின் அறுபது வருடப் பழைய கார் அடுப்பாய்க் காய்கிறது. மாடிப்படியில் உருண்டு இடுப்பு முறிந்த மனைவி கிருஷ்ணம்மாள், அகலமான பின்சீட்டில் நீட்டிப் படுத்து முனகுகிறாள். பக்கத்தில் புத்தம்புதிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நிற்கிறது. ஓட்டிவந்த பெண் எட்டிப் பார்த்துப் பதறுகிறாள். “அங்கிள், என் வண்டில ஏத்துங்க. அஞ்சு நிமிஷத்துல ஆஸ்பத்திரி போயிடலாம்.” அவர் குனிந்து பார்க்கிறார். தரையோடு ஒட்டி இரண்டே இருக்கைகள். ஆளை மடக்கித்தான் உட்காரவைக்க வேண்டும். “இவள மடக்கக் கூடாதும்மா. நீ போ.”

பச்சை விழுகிறது. சிவப்புக் கார் காகிதமாய்ப் பறந்து கண்ணிலிருந்து மறைகிறது. அப்பாதுரை ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தும் கனத்த வண்டி உறுமிக்கொண்டு ஊர்கிறது. “தோ, வந்துட்டோம் கிருஷ்ணம்மா.” பின்னால் முனகல் நின்றுபோயிருக்கிறது. திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.